வெள்ளைக் குதிரைக்கு வைத்த நேர்த்தி

சுவிட்சர்லாந்தில், நொஷாட்டலுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், எண்பதுகள் முடியும்வரை, இராயப்புவின் பெயர் தெரியாதவர்களுக்கும் ஆளைத் தெரிந்திருந்தது. "குதிரைக்குக் கீழே விழுந்தவர்" என்று அடையாளம் சொல்வார்கள். ஊரின் பழைய மதிலுக்கு அடியில் இருக்கும் புல்வெளியில் 1986 கோடையில் ஒரு நாடகம் நடந்தது. அதில் அவன் விழுந்ததைப் பார்க்காதவர்கள் குறைவு. மிக நன்றாக விழுந்தான் என்று உள்ளூர்ப் பத்திரிகைகூட எழுதியது. அவன் குதிரைக்கு மேலே இருந்திருக்க வேண்டியவன் என்பது அங்கிருந்த தமிழருக்கு மட்டும் தெரியும். ஏன் அப்படி நடக்கவில்லை என்பதையும் அவர்கள் அன்றைக்கே, மேடையில் பேசியதிலிருந்தே தெரிந்துகொண்டார்கள்.

இராயப்பு மன்னார்த் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். 1984இல் கிழக்கு பெர்லின் வழியாகச் சுவிஸுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தான். கலியாணம் ஆகவில்லை. பதில் வரும்வரை வேலை செய்ய அனுமதித்தார்கள். ஏரிக்கரை உணவகம் ஒன்றின் சமையலறையில், பெர்ஷ் என்ற சின்ன ஏரிமீனை முள் எடுத்துத் துண்டு போடுவது அவன் வேலை. "சுறா வெட்டின கைக்கு இது பூச்சி வெட்டுற மாதிரி" என்பான். ஆனால் அந்தச் சமையலறையில் அவனைப்போல வேகமாக வெட்ட ஆளில்லை.

அவனுடைய கிராமத்துக் கோயிலின் பாதுகாவலர் சந்தியோகுமையோர். வெள்ளைக் குதிரையில் வாளோடு இருக்கும் புனிதர். திருநாளில் அவர் பெயரில் கூத்து ஆடுவார்கள். மற்ற வேடங்களை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலும் ஆட்டமும் பார்த்துக் கொடுப்பார். புனிதரின் வேடத்தை மட்டும் அவராலும் கொடுக்க முடியாது. அது நேர்த்திக்கு உரியது. யாருடைய வேண்டுதல் பலித்ததோ அவர் வந்து, மூங்கிலில் கட்டி வெள்ளைத் துணி போர்த்திய குதிரையை இடுப்பில் மாட்டிக்கொண்டு, சனத்துக்கு முன்னால் ஆட வேண்டும். குரல் இல்லாதவர்கள் ஆடியிருக்கிறார்கள். ஒருமுறை காது கேளாத ஒருவர் ஆடினார். யாரும் சிரிக்கவில்லை.

1985இல் இராயப்புவின் தம்பி லெம்பேட்டை இராணுவம் கடற்கரையிலிருந்து பிடித்துக்கொண்டு போனது. செய்தி கிடைத்தபோது இராயப்பு சமையலறையில் நின்றான். கையில் கத்தி, முன்னால் ஒரு தொட்டி மீன். அதே இடத்தில் நேர்ந்தான்: தம்பி உயிரோடு வெளியே வந்தால் வெள்ளைக் குதிரையில் ஏறுகிறேன். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு லெம்பேட் வெளியே வந்தான். முன்பல் இரண்டு போயிருந்தது. மற்றபடி முழு ஆளாக வந்து, வள்ளம் ஏறி இராமேஸ்வரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

புனிதர் தன் பங்கைச் செய்துவிட்டார். இராயப்பு எங்கே போய் ஏறுவது?

இந்தக் கேள்வியோடு அவன் பங்குச் சுவாமியிடம் போனான். பிரெஞ்சில் அவனுக்குச் சமையலறை வார்த்தைகள்தான் தெரியும், ஆகவே பேனாட்டைக் கூட்டிக்கொண்டு போனான். பேனாட் அதே கிராமத்தவன், இரண்டு வயது மூத்தவன், ஒரு வருடம் முந்தி வந்தவன், பிரெஞ்சு நன்றாகப் பேசுவான். தமிழருக்கு வைத்தியரிடம், பொலிசில், வேலையிடத்தில் அவன்தான் வாய். மனைவி செசீலியா அப்போது பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். பிறக்கிற பிள்ளைக்கு இராயப்புதான் ஞானத்தகப்பன் என்று அவள் வயிறு தெரியத் தொடங்கிய நாளிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

சுவாமி சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"புனிதருக்குக் குதிரை முக்கியமில்லையாம்" என்றான் பேனாட். "ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டாம்."

"நான் மெழுகுதிரி நேரேல்லை. குதிரைதான் நேந்தனான்."

"அத எப்பிடியடா பிரெஞ்சில சொல்லுறது?"

சொல்லவில்லை. இருவரும் வெளியே வந்து பஸ் பிடித்தார்கள்.

அந்த வசந்தத்தில்தான் ஷப்புயி என்பவர் பூசை முடிந்து கோயில் வாசலில் அவர்களை மறித்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். உயரமானவர், கழுத்தில் எப்போதும் ஒரு பட்டுத் துண்டு. இளமையில் அமெரிக்காவின் தென்மேற்கில் சில வருடங்கள் பழைய ஸ்பானியக் குடியிருப்புகளைத் தேடி அலைந்தவர். ஊரின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதியிருந்தார். ஸ்பானியப் பேரரசின் வட எல்லையில், இருநூறு வருடங்களுக்கு முன், ஒரு மண்கோட்டைக் கிராமத்தில் நடக்கும் கதை. ஸ்பானியராக நடிக்க ஊரில் ஆள் இருந்தது. இந்தியராக நடிக்க ஆள் இல்லை. கோயிலின் பின்வாங்கில் தமிழரைப் பார்த்ததும் அவருக்கு நித்திரை வரவில்லையாம்.

பேனாட் தன் வீட்டில் இதைச் சொன்னபோது முதலில் கேட்டவன் தயாபரன். யாழ்ப்பாணத்துப் பெடியன், இந்து, வாய்க்காரன்.

"எங்களை இந்தியன் எண்டு எழுதிப்போட்டு நாளைக்கு டெல்லிக்கு அனுப்புறதுக்கோ?"

"அந்த இந்தியன் இல்லையடா. இறகு கட்டுறவங்கள்."

"சம்பளம்?"

"சூப்பும் பாணும். ஆனா கேள். நாடகம் நல்லா நடந்தா எங்கட கேசுகளுக்காகப் பங்குக் கோயில்ல இருந்து கன்ரோன் அரசாங்கத்தோட கதைப்பினமாம்."

அதோடு தயாபரனும் சம்மதித்தான். எல்லோருடைய விண்ணப்பமும் பதில் இல்லாமல் கிடந்த காலம் அது.

முதல் கூட்டத்தில் ஷப்புயி அவர்களுக்கு அந்த எல்லை வாழ்க்கையை விளக்கினார். பேனாட் மொழிபெயர்த்தான். அங்கே ஹெனிசாரோ என்று ஒரு வகை மனிதர்கள் இருந்தார்கள். வெவ்வேறு இந்தியக் குலங்களில் பிறந்து, சண்டையில் பிடிபட்டு, சந்தையில் விற்கப்பட்டவர்கள். ஸ்பானியர் அவர்களை வாங்கினார்கள். வாங்கியதற்கு மீட்பு என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து, ஸ்பானியப் பெயர் வைத்து, வாங்கிய எசமானே ஞானத்தகப்பனாகவும் நின்றான். மீட்புக் கடன் தீரும்வரை அவன் வீட்டில் ஆடு மேய்த்து, சோளம் அரைத்து, விறகு சுமந்தார்கள். கடன் தீர்ந்ததும் நிலம் தருகிறோம் என்று எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கே மண்கல் அறுத்து, முற்றத்தைச் சுற்றி வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினார்கள். வெளிப்பக்கம் ஒரு யன்னலும் இல்லை. வசந்தம்தோறும் எல்லா ஆண்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினால்தான் மிளகாயும் சோளமும் விளையும். குதிரைப் படையோடு கொள்ளையடிக்க வருகிறவர்கள் முதலில் வந்து மோதுவது இவர்கள் வீட்டுச் சுவரில். உள்ளே, தூரத்தில், ஸ்பானியரின் ஊர் பத்திரமாக இருக்கும்.

"நிலம் குடுத்ததோ?" என்று கேட்டான் இராயப்பு.

பேனாட் ஷப்புயியிடம் கேட்டான். "அதுதான் நாடகமாம்" என்றான்.

பிறகு ஷப்புயி அந்த ஊர்களில் எடுத்த படங்களைக் காட்டினார். மண்கோயில், மணிக்கூண்டு, மரத்தில் செதுக்கிய சிலைகள். ஒரு படத்தில் இராயப்புவின் கை நின்றது. வெள்ளைக் குதிரை. வாள். தொப்பி. குதிரையின் காலடியில் எதிரி.

"இவர் ஆர்?"

"சாந்தியாகோ" என்றார் ஷப்புயி.

"பேனாட், இவர் எங்கட ஆள்."

ஸ்பானியர் எல்லைக்குக் கொண்டுபோன புனிதரைத்தான் போர்த்துக்கேயர் மன்னாருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இதை ஷப்புயி விளக்கிக்கொண்டிருக்கும்போதே இராயப்பு எழுந்து நின்றான். மேசைகளை ஒதுக்கிவிட்டு, இடுப்பில் குதிரை இருப்பதுபோலக் கையை வைத்து, புனிதரின் வரவை ஆடிக் காட்டினான். ஊர் விழாச் சங்கத்தின் கூட்டமண்டபம் அது, பலகைத் தரை. கால் மிதி நன்றாகக் கேட்டது. ஷப்புயியின் கண் கலங்கியது. எல்லைக் கிராமங்களிலும் திருநாளில் இதே புனிதர் குதிரையில் வந்து எதிரி ராசாவை வெல்லும் ஆட்டம் உண்டு, தன் நாடகத்திலும் அந்தக் காட்சி இருக்கிறது, அதில் இந்த மனிதர்தான் புனிதர் என்றார். நிஜக் குதிரையில். முதல் ஆட்டம் ஜூலை இருபத்தைந்து, புனிதரின் திருநாள் அன்றே.

"குதிரை உனக்குத்தானாம் மச்சான்" என்றான் பேனாட். இராயப்பு அவனைக் கட்டிப்பிடித்தான்.

அவன் குதிரையில் ஏறியதே இல்லை. மன்னாரில் தெருத்தெருவாக நிற்பது கழுதை.

"அண்ணை, காது நீளமா இருந்தா இறங்கிடுங்கோ, அது உங்கட ஊர்ச் சாமான்" என்பான் தயாபரன்.

குதிரை ஊருக்கு மேலே இருந்த பண்ணைக்காரருடையது. வெள்ளைப் பெட்டை, வயதானது, பெயர் நேஜ். வேலை முடிந்ததும் இராயப்பு மலைப்பாதையில் நடந்து பண்ணைக்குப் போவான். சமையலறையில் கழித்த கரட்டை ஒரு பையில் கொண்டுபோவான். பண்ணைக்காரர் கயிற்றைப் பிடிக்க, இவன் ஏறுவான். விழுவான். தொடை உரிந்து சமையலறையில் கால் அகட்டி நடந்தான். மே கடைசியில் கயிறில்லாமல் வேலியைச் சுற்றி வந்தான். பண்ணைக்காரர் தலையை ஆட்டி "சவா, சவா" என்றார், பரவாயில்லை என்று. அந்த ஆளிடமிருந்து அது பெரிய சொல்.

மே மாதத்தில்தான் செசீலியாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அருள்மலர் என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானம் எப்போது என்று இராயப்பு கேட்டான். அவன் வாங்கி வைத்த வெள்ளைச் சட்டை பிள்ளைக்குச் சின்னதாகிவிடும் என்பது அவன் கவலை.

"நாடகம் முடியட்டும்" என்றான் பேனாட். "ஆறுதலாச் செய்வம்."

ஒத்திகைகள் கலகலப்பாக நடந்தன. ஹெனிசாரோக்கள் தங்கள் பேச்சைப் பேச வேண்டிய இடங்களில் தமிழிலேயே பேசுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஷப்புயி சொல்லியிருந்தார். முக்கியமான காட்சி அப்படித்தான் அமைந்திருந்தது. வாக்களித்த நிலத்தைக் கேட்டு ஹெனிசாரோக்கள் ஸ்பானியப் படைத்தலைவனான கப்பித்தானிடம் வருவார்கள். அவர்களுக்குத் தலைவனாக இராயப்பு. அவர்களில் ஒருவனாகப் பிறந்து கப்பித்தானின் மொழிபெயர்ப்பாளனாக ஆனவன் பேனாட். அவர்கள் எதைச் சொன்னாலும் அவன் கப்பித்தானிடம் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்: "திருப்தியாக இருக்கிறோம் என்கிறார்கள், ஐயா. இங்கேயே இருந்துவிடுவார்கள்." நிலம் கிடைக்காது என்பது அவனுக்கு முன்பே தெரியும். அதுதான் நாடகம்.

தமிழில் என்ன பேசுவது என்று எழுதப்படவில்லை. வாயில் வந்ததைப் பேசினார்கள்.

"கப்பித்தான்ர மீசை கழரப்போகுது, பாருங்கோ அண்ணை" என்று முறைத்தபடி சொல்வான் தயாபரன்.

"நாளைக்கு எனக்குக் காலமை வேலை. இந்தாளைக் கெதியா முடிக்கச் சொல்லு" என்று கையை ஓங்குவான் இராயப்பு.

"திருப்தியாக இருக்கிறோம் என்கிறார்கள், ஐயா" என்பான் பேனாட் பிரெஞ்சில். ஷப்புயி கைதட்டுவார்.

குதிரைக் காட்சியை மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை. புல்வெளியை மாவட்டக் குதிரைப் போட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். இராயப்பு பண்ணையில் தனியாகப் பழகினான். நேஜை உரோமம் மினுங்கத் தேய்த்துக் கழுவுவதும் அவனுடைய வேலையாகிவிட்டது. மேளம் கேட்டால் அது மிரளாமலிருக்க, வாளியைத் தட்டித் தட்டிப் பழக்கினான்.

முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள் உடை ஒத்திகை. தையல் பார்த்த மதாம் ரோஸ்லே ஒவ்வொருவருக்கும் உடுப்பைக் கையில் கொடுத்தார். இராயப்புவின் கையில் வந்தது கறுத்தக் காற்சட்டை, ஒரு தலைப்பாகை, முகத்தில் பூசக் கரி மை. எதிரி ராசாவின் உடுப்பு. தவறிப்போய்க் கொடுத்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு திரும்பினான். புனிதரின் வெள்ளை அங்கி டானியல் என்ற இளைஞனின் தோளில் இருந்தது. டானியல் ஊர்க்காரன், சவாரிச் சங்கத்தில் இருப்பவன். அங்கி அவன் கணுக்கால்வரை அளவாக விழுந்தது.

இராயப்பு பேனாட்டைத் தேடிப்போனான். பேனாட் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"கடைசி நேரத்தில மாத்திப்போட்டினம் மச்சான். குதிரைக்குக் காப்புறுதியாம், பழகின ஆள்தான் ஏறவேணுமாம். எனக்கும் இப்பத்தான் சொன்னது. நானும் கதைச்சுப் பாத்தன்."

"நான் நேந்தது உனக்குத் தெரியும்."

"தெரியும். என்ன செய்யிறது, அவங்கட நாடகம்."

இராயப்பு திரும்பி வந்து கறுத்தக் காற்சட்டையைப் போட்டான். அது அளவாக இருந்தது. வசந்தத்தில் மதாம் ரோஸ்லே நாடாவைச் சுற்றித் தன் இடுப்பை ஒருமுறை அளந்தது ஞாபகம் வந்தது. இடுப்பை மட்டும். புனிதரின் அங்கிக்குத் தோளை அளக்க வேண்டும். தோளை அவர் தொடவே இல்லை.

அவரிடம் போனான். டானியலின் அங்கியைக் காட்டி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "எப்போ?" என்றான். மதாம் ரோஸ்லேக்குச் சந்தோஷம், தன் தையலைப் பற்றி ஒருவன் விசாரிக்கிறான் என்று. மெதுவாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். செரிப்பழம் பழுக்குமுன்பே வெட்டிவிட்டாராம். துணி நல்ல துணியாம்.

செரி ஜூனில் பழுக்கும். அதற்கு முன்பே என்றால், இராயப்பு நேஜின் முதுகில் கயிறில்லாமல் சுற்றிவந்த அந்த நாட்கள். பேனாட் பண்ணைக்கு வந்து வேலியில் சாய்ந்து நின்று, "நல்லா ஏறுறாய் மச்சான்" என்று சொன்ன நாட்கள்.

தயாபரனிடம் மட்டும் சொன்னான்.

"இப்பவே வெளிக்கிடுவம் அண்ணை. ஆரும் இல்லாட்டி இவங்கள் இந்தியனுக்கு எங்க போவாங்கள்?"

"நீங்கள் ஏன் வெளிக்கிடவேணும்? உங்கட கேசுகளும் கிடக்கு." இராயப்பு தலைப்பாகையைச் சுருட்டி மடித்தான். "நாளைக்கு வாறன்."

அடுத்த நாள் வெயில் இறங்காத மாலையில் நாடகம் தொடங்கியது. பலகை வாங்குகள் எல்லாம் நிறைந்து, மதிலின் மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நொஷாட்டலிலிருந்தும் ஜெனீவாவிலிருந்தும் தமிழர் குடும்பங்களாக வந்து ஒரு பக்கமாக இருந்தார்கள். செசீலியா பிள்ளையோடு முன்வாங்கில். ஹெனிசாரோக்கள் நிஜச் சேற்றை மிதித்து, வைக்கோல் கலந்து, அச்சில் கல் அறுத்தார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். பெண்கள் சோளம் அரைத்தார்கள். ஸ்பானியச் சுவாமியாராக நடித்தவர் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் வார்க்க, கப்பித்தான் ஞானத்தகப்பனாகக் கையில் ஏந்தினார். சனம் அமைதியாகப் பார்த்தது.

நிலம் கேட்கும் காட்சி வந்தது. கப்பித்தான் நாற்காலியில். அருகில் பேனாட். எதிரே இராயப்புவும், பின்னால் தயாபரனும் மற்றவர்களும்.

"பேனாட்" என்றான் இராயப்பு, முழுக்குரலில், கூத்துக்காரனின் குரலில். "உனக்கு எப்ப தெரியும்?"

பேனாட் விளங்காதவன்போல நின்றான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். "இப்ப வேண்டாம். பிறகு கதைப்பம்."

"பிறகு நீ கதைக்க மாட்டாய். இஞ்ச கதைக்கத்தான் வேணும். உன்ர கப்பித்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்."

தமிழர் இருந்த பக்கத்தில் பேச்சு நின்றது.

"அண்டைக்கு வேலியில நிண்டு நல்லா ஏறுறாய் எண்டியே. அப்பவே தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப ஏனடா சொல்லேல்லை?"

"சொன்னா நீ வரமாட்டாய். நீ வராட்டி இவங்களும் வராங்கள். எல்லாம் நிண்டுபோயிடும்."

"நிண்டா உனக்கு என்ன நட்டம்?"

காட்சி நீண்டுவிட்டது என்று கப்பித்தானுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் தன் வசனத்தை எடுத்துவிட்டார். "என்ன சொல்கிறார்கள்?"

"சொல்லு" என்றான் இராயப்பு. "எனக்குச் சொல்லிப்போட்டு அவருக்குச் சொல்லு."

"பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நிக்கிறன் எண்டவர்." பேனாட்டின் கண் ஷப்புயி நின்ற பக்கம் போய் வந்தது. "இந்த நாட்டு ஆள் ஒருத்தர் பிள்ளைக்கு இருந்தா எங்களைக் கெதியில திருப்பி அனுப்ப மாட்டினம் எண்டு நினைச்சன். உன்னோட பகைச்சாலும் பிறகு சமாளிக்கலாம். அவரை விட்டா ஆர் இருக்கினம்?"

"அது நான் நிக்கவேண்டிய பிள்ளை."

"ஓம்."

"அப்ப நாடகம் முடிய அவர்தான் நிக்கப்போறாரோ?"

"முடிஞ்சுது." பேனாட்டின் குரல் மேடைக்குப் போதவில்லை, ஆனால் அந்தப் புல்வெளியில் அப்போது வேறு சத்தம் இல்லை. "போன மாதம். அவர் பிறந்த ஊர்க் கோயில்ல."

முன்வாங்கில் செசீலியா பிள்ளையின் முகத்தைச் சால்வையால் மூடினாள். பிள்ளை நித்திரையாகத்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கிழவர் "ஐயோ சேசுவே" என்றது மேடைவரை கேட்டது.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் கப்பித்தான், இந்த முறை உண்மையாகவே தெரியாமல்.

பேனாட் அவர் பக்கம் திரும்பினான். எழுதிய வசனம் அவனுக்காகக் காத்திருந்தது. பிரெஞ்சில், சுத்தமான உச்சரிப்பில் சொன்னான். "திருப்தியாக இருக்கிறோம் என்கிறார்கள், ஐயா. இங்கேயே இருந்துவிடுவார்கள்."

கைதட்டல் மதிலில் மோதித் திரும்பியது. ஒத்திகைகளில் ஒருபோதும் இப்படி வரவில்லை. பக்கத்தில் ஷப்புயி பட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திருநாள் காட்சி கடைசியில். மேளம் முழங்க வெள்ளை அங்கியோடு டானியல் வந்தான். நேராக உட்கார்ந்திருந்தான், நன்றாகவே ஓட்டினான். எதிரி ராசா வாள் சுழற்றி ஆடித் தோற்று விழ வேண்டும், குதிரை அவனைத் தாண்டிப் போக வேண்டும். இராயப்பு ஆடினான். குறைவைக்கவில்லை. முகத்தில் கரி மை வியர்வையோடு கண்ணில் இறங்கியது. விழுந்தான். குளம்புச் சத்தம் நெருங்கி வந்து, தலைக்கு அருகில் நின்றது. நேஜ் கழுத்தைத் தாழ்த்தி அவன் கையை மோந்தது. விரல்களுக்கிடையில் கரட்டைத் தேடியது. டானியல் குதிகாலால் உதைத்தான். அது நகரவில்லை. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வாங்குகள் எல்லாம் சிரித்தன. நல்ல சிரிப்புத்தான், வன்மம் இல்லை.

"போ" என்றான் இராயப்பு தமிழில், உதடு அசையாமல். "போடி. போ."

டானியல் இன்னொருமுறை உதைக்க, அது அவனைச் சுற்றிக்கொண்டு போனது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவன் கிடந்தபடியே அந்தக் கைதட்டலைக் கேட்டான். புனிதரின் திருநாள், வெள்ளைக் குதிரை, பார்ப்பதற்கு நிறைந்த சனம். அவன் கேட்ட எல்லாமே அங்கே இருந்தன.

அதற்குப் பிறகு கொள்ளையர் வந்தார்கள், வெளிவீடுகள் எரிந்தன, ஹெனிசாரோக்கள் செத்தார்கள். விளக்கு அணைந்தது.

சூப்பு வரிசையில் ஷப்புயி இராயப்புவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். பேனாட்தான் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

"நிலம் கேக்கிற காட்சி…" பேனாட் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "தன்ர வாழ்க்கையில இப்பிடி ஒரு நடிப்புப் பாக்கேல்லையாம். நாளைக்கும் இதே மாதிரிச் செய்யட்டாம்."

இராயப்பு கோப்பையைக் கீழே வைத்தான். "அவருக்குச் சொல்லு. நாங்கள் திருப்தியா இருக்கிறம் எண்டு."

பேனாட் சொன்னான். ஷப்புயி மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

மிச்ச ஆட்டங்களிலும் இராயப்பு வந்தான், விழுந்தான். நிலம் கேட்கும் காட்சியில் பிறகு அவன் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் அசைத்தான். பங்கிலிருந்து கன்ரோனோடு கதைத்தார்களா என்பது யாருக்கும் சரியாகத் தெரியவரவில்லை. கதைத்தோம் என்றார்கள். இராயப்பு அடுத்த வருடம் துன் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறைக்கு மாறிப்போனான். அங்கே ஏரி உண்டு, மீன் உண்டு, பேனாட் இல்லை. வெள்ளைச் சட்டையை யாரோ ஒருவருடைய பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான்.

போவதற்கு முன் பண்ணைக்குப் போய் நேஜுக்குக் கரட் கொடுத்தான். பண்ணைக்காரர் சேணத்தை எடுத்துவந்து, ஏறு என்று கையைக் காட்டினார். நடந்ததில் ஏதோ அவருக்கு விளங்கியிருந்தது. சுற்றிவர ஒருவரும் இல்லை, மாடுகள்தான். இராயப்பு குதிரையின் கழுத்தைத் தட்டிவிட்டு வேண்டாம் என்றான். நேர்த்தி சனத்துக்கு முன்னால் செலுத்த வேண்டியது.

நாடகம் முடிந்த கிழமையே லெம்பேட் திருச்சியிலிருந்து போன் எடுத்திருந்தான். கடை ஒன்றில் காத்திருந்து எடுத்த அழைப்பு, இரைச்சலாக இருந்தது. அண்ணன் புனிதராக வருகிறான் என்று இராயப்புதான் முன்பு எழுதியிருந்தான். அங்கே அகதி முகாமில் எல்லோருக்கும் தம்பி அதை வாசித்துக் காட்டியிருந்தான்.

"அண்ணை, ஏறினனீங்களோ?"

உணவகத்தின் பின்பக்கச் சுவரில் இருந்த தொலைபேசி அது. இராயப்புவின் கை மீன் செதிலாக இருந்தது. தம்பிக்குப் பல் போன இடத்தால் காற்று வருவது அவ்வளவு தூரத்திலும் கேட்டது.

"ஓம்" என்றான். "ஏறினன்."

"சனம் பாத்ததோ?"

"நிறையச் சனம். எழும்பி நிண்டு கைதட்டினது."

"அப்ப செலுத்தியாச்சு" என்றான் லெம்பேட். பக்கத்தில் நின்ற யாரிடமோ அதைத் திரும்பச் சொல்வதும், அங்கே அவர்கள் சந்தோஷப்படுவதும் கேட்டது. பிறகு லைன் அறுந்தது. இராயப்பு ரிசீவரை மாட்டினான். உள்ளே யாரோ மீனுக்குக் கூப்பிட்டார்கள்.